ஊர்ப் பயணத்திற்கு உற்ற பை

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்த குடும்பங்களுக்குப் பொங்கலும் தீபாவளியும் வெறும் பண்டிகைகள் அல்ல. அவை ஊருக்குப் புறப்படும் நாட்கள். ஹெப்பகோடியிலும் அதனைச் சூழ்ந்த பொம்மசந்திரா, சந்தாபுரா, அத்திப்பள்ளி முதலிய இடங்களிலும் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் உழைக்கும் நம்மவர், அந்நாட்கள் நெருங்கியதும் ஓசூர்ச் சாலையில் தெற்கு நோக்கித் திரள்வதை யாவரும் அறிவர். பேருந்தில் இடமில்லை, புகைவண்டியில் முன்பதிவு முடிந்துவிட்டது, எனவே மோட்டார் சைக்கிளே துணை என்று கிளம்புவோர் ஆண்டுதோறும் பலர். 2025 ஆகஸ்டு முதல் பொம்மசந்திரா வரை மெட்ரோ ஓடுகிறது; ஹெப்பகோடிக்கும் ஒரு நிலையம் வாய்த்திருக்கிறது. நகருக்குள் போய்வருவோர்க்கு அது பெரு நன்மையே. ஆயின் தருமபுரிக்கும் சேலத்துக்கும் மதுரைக்கும் மெட்ரோ செல்லாது அன்றோ?

அவ்வாறு புறப்படும் அன்பர்களிடம் நாம் கண்ட விந்தை ஒன்று உண்டு. வண்டி வாங்குமுன் ஒரு மாதம் ஆராய்வர். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், தவணை எவ்வளவு, நிறம் எது என்று பத்துப் பேரிடம் வினவுவர். ஆனால் அவ்வண்டியில் மூன்று நாள் பயணத்துக்கான உடைமைகளைச் சுமக்கப் போகும் பையைப் பற்றி எவரும் ஒரு நாழிகையும் சிந்திப்பதில்லை. புறப்படும் இரவில் பரண்மேல் கிடக்கும் ரெக்சின் பை ஒன்று கீழே இறங்கும். துணிக்கடைக்காரர் தந்த கட்டைப்பை இரண்டு அதனோடு சேரும். கொடிக்கயிறு ஒன்று அவிழ்க்கப்படும். பொழுது விடிவதற்குள் எல்லாம் வண்டியின் பின்புறத்தில் கட்டப்பட்டுவிடும். பிறகு அனைத்தும் இறைவன் விட்ட வழி.

நாம் புகைவண்டி நிலையம் ஒன்றின் பார்சல் பிரிவில் எழுத்தராகப் பணியாற்றுகிறோம். எடை போடுவதும், கட்டுச் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும், சரியில்லாத கட்டைத் திருப்பி அனுப்புவதும் நமது அன்றாட அலுவல். சரக்கு வண்டியில் அவிழும் மூட்டை சரக்கை மட்டுமே கெடுக்கும். மோட்டார் சைக்கிளில் அவிழும் மூட்டையோ உயிரையே கெடுக்கும். ஆதலின் மோட்டார் சைக்கிள் பயணத்துக்கேற்ற மெல்லிய துணிப்பைகளைத் தேர்ந்தெடுக்கும் முறையினை நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு எடுத்துரைப்பது கடமை எனக் கருதி இதனை எழுதலானோம்.

பொதி ஏற்றுதல் பழைய கலை

இது ஏதோ இக்காலத்து இளைஞர் விளையாட்டு என்று பெரியோர் எண்ண வேண்டா. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், மிளகுப் பொதிகளை இருபுறமும் ஒத்த எடையாகச் சுமந்து செல்லும் கழுதைக் கூட்டத்தைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டியிருக்கிறார். அப்பொதி அழுத்தி அழுத்தி அக்கழுதைகளின் முதுகில் தழும்பு ஏறியிருந்ததையும் அவர் சொல்ல மறந்தாரில்லை. பாதுகாப்பான சுமைக்கு வேண்டிய இலக்கணம் முழுவதும் அவ்வோவியத்தில் அடங்கியிருக்கிறது. சுமை இருபுறமும் சமமாக இருத்தல் வேண்டும். தாழ்வாகத் தொங்குதல் வேண்டும். அசையாது உடலோடு ஒட்டியிருத்தல் வேண்டும். சுமப்பதன் வலிமைக்கு மிஞ்சாதிருத்தல் வேண்டும். இந்நான்கும் கழுதைக்கு எப்படியோ, மோட்டார் சைக்கிளுக்கும் அப்படியே.

வண்டி தாங்கும் எடை எவ்வளவு?

பையைத் தேடுமுன் எடையைக் கணக்கிடுதல் அறிவுடைமை. ஒவ்வொரு வண்டிக்கும் அது தாங்கக்கூடிய மொத்தச் சுமை இவ்வளவு என்று செய்தோர் வரையறுத்துக் கையேட்டில் அச்சிட்டிருக்கின்றனர். நம்மவரிடையே மிகுதியாகப் புழங்கும் 100 சி.சி. வண்டிகள் பலவற்றுக்கு அது ஏறத்தாழ 130 கிலோவே. ஓட்டுபவர் 65 கிலோ, பின்னால் அமரும் மனைவியார் 55 கிலோ என்று கொள்வோம். மிச்சம் 10 கிலோ. பைகள் தாமே மூன்று கிலோ எனின், உள்ளே வைப்பதற்கு எஞ்சுவது ஏழே கிலோ! இக்கணக்கைச் சொன்னால் நகைக்கின்றனர். "ஆறு வருடமாக முப்பது கிலோ ஏற்றுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே" என்பர். வண்டி ஓடும், அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் சுமை மிக மிக வண்டியை நிறுத்துவதற்கு வேண்டிய தூரம் நீளும். பின்சக்கர டயர் சூடேறும். முன்சக்கரம் தரையைப் பற்றும் பிடி தளரும். ஒன்றும் ஆகாத ஆறு ஆண்டுகளை ஏழாம் ஆண்டின் ஒரு நொடி அழித்துவிடும்.

எனவே குடும்பத்தார்க்கு நாம் கூறும் முதல் யோசனை, இயன்றவர் சுமையைப் பிரிக்க வேண்டும் என்பதே. புகைவண்டியில் இரண்டாம் வகுப்புப் பயணி ஒருவர் 35 கிலோவும், படுக்கை வகுப்புப் பயணி 40 கிலோவும் கட்டணமின்றித் தம்முடன் கொண்டுசெல்லலாம். வீட்டில் ஒருவர் புகைவண்டியில் செல்வதாயின் கனமானவை யாவும் அவருடன் செல்லட்டும். மோட்டார் சைக்கிளில் வழிக்கு வேண்டியவை மட்டும் ஏறட்டும்.

பெட்டியா, பையா?

கடைகளில் அலுமினியப் பெட்டிகள் பளபளவென்று தொங்குகின்றன. பூட்டு உண்டு, மழை புகாது, பார்வைக்கும் கம்பீரம். இருந்தும் நம் போன்றோர்க்குத் துணிப்பையே தக்கது என்பதற்குக் காரணங்கள் உள. முதலாவது, எடை. இரு உலோகப் பெட்டிகளும் அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டமும் சேர்ந்து, ஒரு சட்டை வைக்குமுன்பே பதினைந்து கிலோ அளவுக்கு வந்துவிடுவது உண்டு. மேலே கண்ட கணக்கில் அதற்கு இடம் ஏது? இரண்டாவது, வண்டி சாய்ந்து விழுங்கால் பெட்டியின் விளிம்புக்கும் தரைக்கும் இடையே கால் சிக்கினால் எலும்பு முறியும். துணிப்பையோ நசுங்கிக் கொடுக்கும். மூன்றாவது, பயணம் முடிந்ததும் பையைக் கழற்றி மடித்துக் கட்டிலின் அடியில் வைத்துவிடலாம்; ஒற்றை அறையில் வாழும் குடும்பத்துக்கு இது சிறிய வசதியன்று.

துணிப்பைக்குக் குறை இல்லாமலில்லை. பூட்ட இயலாது, கத்தி ஒன்று போதும் கிழிப்பதற்கு. ஆகவே நகையும் பணமும் வண்டிப் பத்திரங்களும் பையில் இருத்தலாகாது. அவை உடலோடு இருத்தல் வேண்டும். உணவு விடுதியில் இறங்கும்போது வண்டி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். எளிதில் கழற்றித் தோளில் மாட்டிக்கொள்ளத்தக்க பையாயின் இன்னும் நன்று.

பைகளின் வகை

மெல்லிய பைகள் பெரும்பாலும் நான்கு வகைப்படும். வண்டியின் இருபுறமும் தொங்குவதைக் கடைக்காரர் சாடில் பேக் என்பர். பழைய பொதியின் நேர் வழித்தோன்றல் இதுவே. இருக்கையின் பின்பகுதியிலோ கேரியரிலோ கட்டப்படுவது டெயில் பேக். பெட்ரோல் டேங்கின்மேல் அமர்வது டேங்க் பேக். வாயைச் சுருட்டி மூடும் நீர்புகா உருளைப்பை டிரை பேக். இதனை எங்கு வேண்டுமாயினும் கட்டலாம்.

தனியே செல்பவர்க்கு டெயில் பேக் ஒன்றே போதும். அதனை இருக்கையின் பின்பாதியில், தம் முதுகுக்கு நெருக்கமாகக் கட்டிக்கொள்ளலாம். மனைவியுடன் செல்பவர்க்கு அவ்விடம் இல்லை. கேரியரில் கட்டினால் சுமை பின்சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால் போய்விடுகிறது. ஏற்றப் பலகையின் ஒரு நுனியில் தடித்தவர் அமர்ந்தால் மறு நுனி எழும்புவது போல, பின்னால் தொங்கும் சுமை முன்சக்கரத்தை இலேசாக்கும். வேகத்தில் கைப்பிடி ஆடத் தொடங்கும். ஆகவே இருவர் செல்லும் வண்டிக்குச் சாடில் பேக் இணையே முதன்மை. கேரியரில் போர்வை, மழைச்சட்டை போன்ற கனமற்ற பொருள்கள் மட்டும் இருக்கலாம். சாடில் பேக்கைப் பூட்டியபின் பின்னிருப்பவரின் கால்வைக்கும் கட்டைக்கு இடைஞ்சல் உண்டா என்று அவரையே அமரச் செய்து பார்த்தல் வேண்டும். ஐந்து மணி நேரம் அமரப் போகிறவர் அவரல்லரோ!

டேங்க் பேக்கைக் கட்டியதும் கைப்பிடியை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஹாரன் பொத்தானையோ கிளட்ச்சையோ பை அழுத்துமாயின் அது உதவாது. முதுகில் மாட்டும் பையை நெடும்பயணத்துக்கு நாம் பரிந்துரைக்கமாட்டோம். இரண்டு மணி நேரத்தில் தோள் வலிக்கும். விழ நேர்ந்தால் உள்ளிருக்கும் கடினப் பொருள் முதுகெலும்பைத் தாக்கும்.

துணியின் தன்மை

கடைக்காரர் "ஆயிரம் டெனியர் சார்" என்று பெருமையோடு கூறுவார். பட்டு நெசவை அறிந்த காஞ்சிபுரத்தாருக்கும் ஆரணியாருக்கும் டெனியர் புதிய சொல்லன்று. 9,000 மீட்டர் நீள நூல் எத்தனை கிராம் எடை கொண்டதோ அத்தனை டெனியர். ஆயிரம் டெனியர் எனில் ஒன்பது கிலோமீட்டர் நூல் ஒரு கிலோ எடை என்பது பொருள். எண் உயர உயர நூல் தடிக்கும். தேய்வையும் உராய்வையும் தாங்கும். கார்டுரா என்று ஒரு பெயரும் காதில் விழும். அமெரிக்க டூபாண்ட் நிறுவனம் 1929-இல் பதிவு செய்த பெயர் அது. முதலில் ரேயான் நூலுக்கு வழங்கி, பின்னர் உறுதிமிக்க நைலான் துணிக்குப் பெயராயிற்று.

ஆயின் துணி தடித்தது என்பதனால் மழை புகாது என்று எண்ணுதல் தவறு. நெய்த துணியில் நீரைத் தடுப்பது உட்புறம் பூசிய பூச்சே. அப்பூச்சு வெயிலாலும் ஆண்டுகளாலும் உரிந்துவிடும். துணி நல்லதாயினும் தையல் ஊசி இட்ட துளைகள் ஆயிரம் உள. நீர் அவ்வழியே நுழையும். ஜிப்பு வழியே இன்னும் எளிதில் நுழையும். வடகிழக்குப் பருவமழை பெய்வது அக்டோபர் முதல் டிசம்பர் வரை; தீபாவளி வருவதும் அப்பருவத்திலேதான். ஆதலால் புத்தாடையோடு ஊர் செல்லும் நமக்கு மழையைப் பற்றிய சிந்தனை இன்றியமையாதது.

மழைக்கு அஞ்சாத பைக்கு லாரித் தார்ப்பாயே வழிகாட்டி. ஜெர்மானியரான ஹார்ட்முட் ஓர்ட்லீப் என்பவர் இங்கிலாந்தில் மிதிவண்டிப் பயணம் செய்கையில் மழையில் பைகள் நனைந்து துன்புற்றார். சாலையில் சென்ற லாரிகளின் தார்ப்பாய் அவர் கண்ணில் பட்டது. சரக்கை நனையாமல் காக்கும் அத்துணி நம் உடையைக் காவாதோ என்று எண்ணி, அதனைக்கொண்டே பை தைத்தார்; 1982-இல் அதுவே ஒரு தொழிலாயிற்று. இன்று நீர்புகா டிரை பேக்குகள் பலவும் அத்தகைய பூச்சுத் துணியாலானவை. அவற்றின் மூட்டுவாய்களை ஊசியால் தைக்காமல் வெப்பத்தால் ஒட்டுவதால் துளைக்கு இடமில்லை. வாயை மூன்று சுற்றாவது இறுகச் சுருட்டிப் பூட்டினாலன்றி அவையும் பயன்தரா. நாமக்கல் லாரிக்காரர்களை உறவினராகப் பெற்ற நம் அன்பர்களுக்குத் தார்ப்பாயின் அருமையை நாம் விரித்துரைக்க வேண்டுமோ?

பையின்மேல் போர்த்தும் மழையுறையைக் கடைக்காரர் இலவசமாகத் தருவார். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அதனைக் காற்று பிடுங்கிச் சென்றுவிடுவது உண்டு. சில வேளை சங்கிலியிலும் சிக்கும். அதனினும் சிறந்தது, பையின் உள்ளே தடித்த பிளாஸ்டிக் உறையொன்றில் துணிகளை இட்டு வாயை முறுக்கிக் கட்டுவது. செலவு சிறிது, பயன் பெரிது.

நிற்க. வாங்குமுன் பையின் உட்புறத்தை வெளியே திருப்பிப் பாருங்கள். வார் பையோடு சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து, அச்சதுரத்தின் நடுவே பெருக்கல் குறி போல் மறுதையல் போட்டிருந்தால் அது நல்ல வேலை. ஒற்றை வரித் தையலாயின் வேண்டா என்று திரும்பிவிடுங்கள். பெங்களூரு ஜே.சி. சாலையில் ஸீட் கவர் தைக்கும் கைவினைஞர் பலர் உள்ளனர். பழைய பையின் வார்களை அவர்களிடம் கொடுத்து உறுதிசெய்து கொள்வதும் சிக்கனமான வழியே.

சக்கரமும் சைலன்சரும்

துணிப்பைக்கு எதிரிகள் இருவர்: இடப்புறம் சுழலும் சக்கரம், வலப்புறம் கொதிக்கும் சைலன்சர். நம் நாட்டு வண்டிகள் பெரும்பாலானவற்றில் இடப்பக்கம் சாரி கார்டு உண்டு. பின்னால் அமரும் பெண்களின் சேலை சக்கரத்தில் சிக்காதிருக்கப் பின்சக்கரத்தில் பாதியளவுக்குக் குறையாமல் காப்பு இருத்தல் வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி கூறுகிறது. சில இளைஞர்கள் அழகு கருதி அதனைக் கழற்றிவிடுகின்றனர். சேலையைக் காக்கும் அக்கம்பியே பையையும் காக்கிறது. அது இல்லாத பக்கத்தில் பையைச் சக்கரத்திலிருந்து விலக்கி நிறுத்த ஓர் இரும்புத் தாங்கி பொருத்தாமல் சாடில் பேக் தொங்கவிடுதல் கூடாது.

வலப்புறத்தில் பைக்கும் சைலன்சருக்கும் இடையே நான்கு விரற்கடையேனும் இடைவெளி வேண்டும். இருவரும் அமர்ந்து வண்டி தாழ்ந்த நிலையில் இதனை அளக்க வேண்டும். வெறும் வண்டியில் அளப்பது பயனற்றது. நைலான் 220 முதல் 265 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும். பிளாஸ்டிக் பூச்சுடைய துணியோ அதற்கும் முன்பே இளகும். சைலன்சரில் ஒட்டி எரிந்த பையைச் சுரண்டி எடுத்தவர்கள் நம் வட்டாரத்திலேயே உண்டு.

தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர்க் கணவாய் இறக்கம் விபத்துக்குப் பேர்போனது என்பதை அவ்வழி செல்வோர் அறிவர். நம் தெருவில் குடியிருக்கும் ஆலைத் தொழிலாளி ஒருவர் மனைவியுடன் அவ்வழியே தீபாவளிக்குச் சென்றார். பை கட்டியிருந்த நைலான் கயிற்றின் மீந்த நுனி தளர்ந்து தொங்கிப் பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. சக்கரம் நின்றது, வண்டி சரிந்தது. பின்னால் வந்த லாரி ஓட்டுநர் விழிப்போடு நிறுத்தியதால் இருவர் உயிரும் பிழைத்தன. அவருக்குக் காறை எலும்பு முறிந்தது; மூன்று மாதம் வேலைக்குச் செல்ல இயலவில்லை. அன்றைய பண்டிகையை அக்குடும்பம் மருத்துவமனை வராந்தாவில் கழித்தது. ஒரு முழக் கயிற்றை மடித்துச் செருகாததற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

ஆகையால் கட்டும் முறையைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூறுகிறோம். கொக்கி பொருத்திய எலாஸ்டிக் கயிறு மலிவானது, எங்கும் கிடைப்பது. ஆனால் அது இழுபடும் தன்மையது. ஆதலால் குண்டு குழிகளில் பையும் துள்ளும். கட்டும்போது கொக்கி நழுவித் தெறித்துக் கண்ணைக் கெடுத்த துயரங்களும் உண்டு. இழுபடாத தட்டை வாரும் பற்றுப் பக்கிளும் உடையவற்றையே முதன்மைக் கட்டாகக் கொள்க. ஒரு பைக்கு இரண்டு வார் வேண்டும். ஒன்று அறுந்தாலும் மற்றொன்று தாங்கும். கட்டிய பின் பையைக் கையால் பற்றிக் குலுக்கினால் பை மட்டும் ஆடலாகாது, வண்டியே ஆட வேண்டும். கட்டு இறுகியதற்கு அதுவே அடையாளம். வாரின் மீந்த நுனிகளை மடித்துச் செருகி ரப்பர் வளையமிடுக. பின்விளக்கு, திசை காட்டும் விளக்கு, எண்பலகை ஆகியவற்றைப் பை மறைத்தலாகாது.

எவ்வளவு பெரிய பை?

பையின் கொள்ளளவை லிட்டரில் கூறுவர். நம் வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் 20 லிட்டர். அதனை மனத்தில் கொண்டால் அளவு விளங்கும். மூன்று நாள் பயணத்தில் ஒருவருக்கு ஒன்று முதல் ஒன்றரை கேன் அளவு போதும். கணவன் மனைவிக்கு இருபுறமும் சேர்த்து இரண்டு கேன் அளவு. "பெரிதாக வாங்கி வைத்தால் என்றேனும் உதவுமே" என்பது நம்மவர் வழக்கம். பையின் இயல்பு வேறு. வெற்றிடம் இருந்தால் அதனை நிரப்பாமல் மனம் அமைவதில்லை. பை பெரிதானால் சுமை பெருகும். அளவான பையோ "இதற்கு மேல் வேண்டா" என்று நமக்குப் பதில் தானே மறுத்துரைக்கும். நல்ல பையின் தலையாய குணம் இதுவே என்பது நம் கருத்து.

அடுக்கும் முறையும் எளிது. பஞ்சர் ஒட்டும் கருவியும் பிற கனப்பொருள்களும் அடியில், வண்டியின் உட்பக்கமாக இருக்கட்டும். துணிகளைச் சுருட்டி அடுக்குங்கள். எண்ணெய், ஊறுகாய், நெய் ஆகியவை இறுக மூடிய எவர்சில்வர் டப்பாவில், தனி உறையில் இருக்க வேண்டும். மழைச்சட்டையும் மருந்தும் எல்லாவற்றுக்கும் மேலே. இருபுறத்துப் பைகளையும் தராசில் நிறுத்துச் சமன் செய்யுங்கள். தராசு இல்லையேல் இரு கைகளிலும் ஒரே நேரத்தில் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். சுமை ஏறிய வண்டிக்குக் கையேடு கூறும் அளவுக்குப் பின்டயரில் காற்று கூட்ட வேண்டும் என்பதையும் மறவற்க.

திரும்பி வரும் பயணம்

போகும் பயணத்தைவிடத் திரும்பும் பயணமே இடர் மிக்கது. போகும்போது நாம் நிரப்பிய பை. வரும்போது தாயார் நிரப்பும் பை. தாயன்புக்கு எடைக்கல் தெரியாது. பத்துத் தேங்காய், ஒரு படி எள், வீட்டு அரிசி, முறுக்குத் தூக்கு, பேரனுக்கென்று தனியே ஒரு பொட்டலம் என ஒவ்வொன்றாக வந்து சேரும். மறுத்தால் முகம் வாடும். ஏற்றினால் வண்டி வாடும். தேங்காய் ஒன்று அரைக்கிலோவாயினும் பத்துத் தேங்காய் ஐந்து கிலோ. நாம் முன்பு கண்ட ஏழு கிலோக் கணக்கில் மீதி என்ன?

இதற்கு நாம் கண்ட வழிகள் இரண்டு. புறப்படுகையில் பையில் மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விடுங்கள். பையின் பக்க வார்களை இறுக்கிச் சுருக்கிக்கொண்டால் அந்த வெற்றிடம் ஆடாது. திரும்பும்போது அவ்விடமே அம்மாவுக்குரிய பங்கு என்று முன்பே சொல்லிவிடுங்கள். அதற்கு மேற்பட்டதைக் கோணிப்பையில் நன்கு தைத்துப் பார்சலில் போடச் சொல்லுங்கள். அல்லது புகைவண்டியில் வரும் உறவினரிடம் ஒப்படையுங்கள். அன்பும் கெடாது, அச்சும் முறியாது.

குழந்தையோடு செல்வோர்க்கு

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு, ஓட்டுபவருடன் ஒருவருக்கு மேல் இரு சக்கர வண்டியில் ஏறலாகாது என்கிறது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றிச் செல்வதாயின் பாதுகாப்பு வாரும் தலைக்கவசமும் அணிவிக்க வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என்பது 2023 பிப்ரவரி முதல் நடைமுறையிலுள்ள விதி. லாரிகள் விரையும் நெடுஞ்சாலையில் அவ்வேகத்தில் இருநூறு கிலோமீட்டர் செல்வது எத்தகைய வேதனை என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்ப்பாராக. குழந்தைக்கு எப்பையும் இருக்கையாகாது; பைக்கும் தந்தையின் முதுகுக்கும் நடுவே குழந்தையைச் செருகிச் செல்லும் காட்சியைக் காணும்போதெல்லாம் நெஞ்சு பதைக்கிறது. குழந்தையும் தாயும் புகைவண்டியிலோ பேருந்திலோ செல்லட்டும். தந்தை இலேசான பையோடு பின்தொடரட்டும். நம்மூருக்கு அண்மையில் ஹீலலிகே நிலையம் இருக்கிறது; ஓசூர், தருமபுரி வழியே சேலம் செல்லும் பாதை அது. இரண்டு மாதம் முன்னரே முன்பதிவைப் பற்றி நினைத்தால் போதும்.

வெள்ளோட்டம்

புதிய பை வாங்கியவர் புறப்படும் நாளன்றே அதனை முதன்முறையாகக் கட்டலாகாது. இரண்டு வாரம் முன்பே பழைய செய்தித்தாள்களை உள்ளே நிரப்பி, குழாயின் கீழ்ப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். தாள் நனைந்திருந்தால் மாற்றிக்கொள்ளக் காலம் இருக்கும். அடுத்த ஞாயிறன்று பயணத்துக்குரிய முழு எடையோடு ஓசூர் வரை சென்று திரும்புங்கள். வேகத்தடைகளில் பை எவ்வாறு நடந்துகொள்கிறது, பின்னிருப்பவர் கால் நோகிறதா, கைப்பிடி ஆடுகிறதா என்பன யாவும் அந்த ஒரு மணி நேரத்தில் விளங்கிவிடும். பயண நாளன்றும் ஓசூரை அடைந்ததும் ஒருமுறை இறங்கி வார்களை இறுக்குங்கள். புதிதாகக் கட்டிய சுமை முதல் சில மைல்களில் படிந்து தளர்வது இயற்கை.

ஊர் செல்லும் வழி மட்டுமன்றி மலை காணச் செல்லும் இளைஞர்க்கும் இது பொருந்தும். கொல்லிமலைச் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 70. எழுபது முறை வண்டி சாயும்போது எழுபது முறை பை நகர்ந்தால் என்னாகும்? உதகைக்கு மைசூரு வழியே செல்வோர், 2023 ஆகஸ்டு 1 முதல் பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைப் பாதையில் மோட்டார் சைக்கிளுக்கு இடமில்லை என்பதை அறிந்திருத்தல் வேண்டும். பக்கச் சாலையின் மேடு பள்ளங்களே அவர்களுக்குரியவை; கட்டின் உறுதியை அவை நன்றாகவே சோதிக்கும்.

அன்பர்களே! ஊரில் நமக்காகக் காத்திருப்போர் நாம் கொண்டுவரும் பொருளை எதிர்நோக்கவில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்காதா என்றுதான் இரவு முழுவதும் விழித்திருக்கின்றனர். அளவான பை, சமமான சுமை, இறுகிய கட்டு ஆகிய இம்மூன்றும் சிறு செய்திகளே. வரும் பண்டிகைக்கு வண்டியைத் துடைக்கும் நாளிலேயே பையையும் எடுத்து வார்களையும் தையலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நம் குடும்பங்கள் யாவும் சென்றவாறே நலமாகத் திரும்பி வருக என வாழ்த்துகிறோம்.